அப்பா வளர்க்கும் பூச்சி

அத்தியாயம் 14

போன வாரம் அம்மாவை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? கையில் கல்வி அலுவலகக் கடிதத்தோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ஆறு நாளாக அவள் மனசு அங்கேயேதான் நிற்கிறது. உடம்பு மட்டும் சமைத்தது, துவைத்தது, பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தது.

கடிதத்தில் நாலே வரி. வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கப்படும் இரண்டு பெண் பிள்ளைகள் குறித்துத் தகவல் வந்திருக்கிறது. ஆய்வாளர் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வருவார். பிள்ளைகளின் வாசிப்பை நேரில் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் இருவரும் பள்ளியில் சேர்க்கப்பட வேண்டும்.

'தகவல் வந்திருக்கிறது' என்ற இடத்தை அம்மா சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருந்தாள். யார் கொடுத்த தகவல்? அவளுக்குச் சந்தேகமே இல்லை. அத்தைதான். அப்பாவின் அக்கா. இருபது வருடமாக டீச்சர் வேலை. படிப்பு வராத பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில் பெயர் வாங்கியவள். இரண்டு வருடம் முன்னால், "வீட்டுல வச்சுச் சொல்லிக்கொடுக்கிறது லேசுப்பட்ட வேலையில்லம்மா, உன்னால முடியுமா?" என்று கேட்டவளும் அவள்தான். அந்தக் கேள்வியை அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று செவ்வாய்.

காலை எட்டரை மணிக்கே சமையலறை மேஜை துடைக்கப்பட்டுப் பள்ளிக்கூடமாகிவிட்டது. சுவரில் அப்பா அடித்துக்கொடுத்த கரும்பலகை. அதற்குப் பக்கத்து அலமாரியில், பலகைக்குப் பூசியது போக மிச்சமிருந்த பெயிண்ட் டப்பா. டப்பாவின் வயிற்றில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, அப்பா தன் கையால் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: 'கறும்பலகை பெயிண்ட்'.

அந்த 'று'வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் புத்தகக் கம்பெனி ஒன்றுக்கு ப்ரூஃப் பார்க்கிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மற்றவர்கள் செய்த எழுத்துப்பிழைகளைத் தேடிப் பிடிப்பாள். வீட்டிலும் அதே தொழில்தான். கடை ரசீது, மருந்து அட்டை, கல்யாணப் பத்திரிகை எதுவும் தப்பாது. பிழைக்கு இந்த வீட்டில் பெயர் பூச்சி. வேண்டாத ப்ரூஃப் தாள்களைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள், பிழையைக் கண்டவர் "பூச்சி!" என்று கத்த வேண்டும், கத்தியவருக்கு ஒரு மிட்டாய். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா அலுவலகத்துக்கு எழுதும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அவள் திருத்தாமல் விட்டதில்லை. டப்பாவில் இருந்த அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள். ராத்திரி பகல் பார்க்காமல் அந்த மனுஷன் பலகை அடித்த வாரத்தில், அதைத் திருத்த அவளுக்கே மனசு வரவில்லை.

"அதைத் தொடாதீங்க. அது அப்பா வளர்க்கிற பூச்சி" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

மேஜையில் அம்மாவுக்குப் பக்கத்தில் பெரியவள். வயது எட்டு. ரேடியோ என்று கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள், இருமல் உட்பட. எதிர்ப்பக்கம் சின்னவள், ஆறு வயது, பெயர் குட்டிக்கரணம். பக்கத்தில் உட்காரவைத்தால் காலால் உதைப்பாள் என்பதால், இரண்டு வருடமாக அவள் இடம் எதிர்ப்பக்கம்தான். பெரியவளுக்குப் பாடம் நடக்கும்போது சின்னவள் மேஜை மேல் தாடையை வைத்துக்கொண்டு புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் கையில் தனியாகப் புத்தகம் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்துக்கொள்வாள்.

"நேரா பிடிடி."

"நேராத்தான்மா இருக்கு."

"இன்னிக்காவது வம்பு பண்ணாதே, கண்ணு. மூணு மணிக்கு ஒரு மேடம் வர்றாங்க."

புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பி வைத்தாள். குட்டிக்கரணம் உதட்டைப் பிதுக்கினாள். அவள் கழுத்து மெல்ல ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்ததை அம்மா பார்க்கவில்லை. அவள் ஏற்கனவே பெரியவள் பக்கம் திரும்பியிருந்தாள்.

"'நனையாத ஆமை' எடு. முழுசா ஒரு தடவை படி."

ரேடியோ படித்தாள். அடடா, என்ன குரல்! ஆமைக்கு ஒரு குரல், மழைக்கு ஒரு குரல். முற்றுப்புள்ளியில் நிறுத்தி, கேள்விக்குறியில் ஏற்றி. இந்தக் குரலுக்காகத்தானே இத்தனை கஷ்டமும். ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை. பாடவேளை முழுக்க அங்கேயே நிற்க வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளை நாற்பத்தேழு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்தேழு நாள் என்பதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்மா சாகும்வரை மறக்க மாட்டாள்.

பதினோராம் பக்கம் முடிந்தது. ரேடியோ தாளைத் திருப்பினாள்.

"'உள்ளே யாரும் இல்லை. அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஆமை தன் ஓட்டைக் கழற்றி வைக்க இடம் தேடியது...'"

அம்மாவின் கண் தானாகப் பக்க எண்ணுக்குப் போனது. பழக்க தோஷம். பதினான்கு.

நேற்று பிள்ளைகள் காகித ஒட்டுவேலை செய்தபோது புத்தகத்தின் மேல் பசை கொட்டியிருந்தது. இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பன்னிரண்டும் பதின்மூன்றும் உள்ளே மாட்டிக்கொண்டுவிட்டன. எதிரே திறந்திருந்த பதினான்காம் பக்கத்தில் அடுப்பும் இல்லை, ஓடும் இல்லை. 'மழை நின்றுவிட்டது' என்றுதான் அச்சாகியிருந்தது.

இல்லாத பக்கத்தை ரேடியோ படித்துக்கொண்டிருந்தாள். விரல் வேறு வரிக்குக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது.

 அம்மா கையை நீட்டி அலமாரியிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்தாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"இதுல முதல் வரியைப் படி, பார்க்கலாம்."

"நீ முதல்ல படிம்மா. அப்புறம் நான் படிக்கிறேன்."

"இல்ல. நீயே படி."

ரேடியோ புத்தகத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி புத்தகம். மேஜைக்கு அடியில் அவள் கால் விரல்கள் மடங்கிக்கொண்டன. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அந்த முகத்தை அம்மாவுக்குத் தெரியும். நாற்பத்தேழு நாள் பார்த்த முகம்.

"சரி, சரி, மூடி வச்சிடு" என்று பதறிப்போய்ச் சொன்னாள். "போய்த் தண்ணி குடி."

இரண்டு வருடம். ஒவ்வொரு நாளும் அவள் ஒரு வரி படிப்பாள், பிள்ளை திருப்பிப் படிக்கும். ஒரு நாளாவது 'நீ முதலில் தொடங்கு' என்று சொன்னாளா? போன உயிர் திரும்பி வந்ததுபோல் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு மயங்கிக் கிடந்தாள். உலகத்தில் யார் பிழையையும் கண்ணால் பிடிக்கிறவள், தன் பிள்ளைக்கு மட்டும் காதால் ப்ரூஃப் பார்த்திருக்கிறாள்.

எத்தனை முறை திட்டியிருக்கிறாள்! பூச்சி விளையாட்டில் ரேடியோ ஒரு மிட்டாய்கூட ஜெயித்ததில்லை. "கவனமே இல்ல உனக்கு. கண் எங்க இருக்கு? சின்னதுகூட உன்னைவிட ஒழுங்கா உத்துப் பார்க்குது" என்று போன வாரம்கூடச் சொன்னாள்.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு போன் அடித்தாள். நாலாவது முறை எடுத்தார். பின்னால் இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம்.

"லிஃப்ட் ஷாஃப்ட்டுக்குள்ள இருக்கேன். என்ன?"

"என்னங்க, அவளுக்குப் படிக்க வரலைங்க. ஒரு எழுத்துகூட வரலை. எல்லாம் மனப்பாடம். ரெண்டு வருஷமா மனப்பாடம்."

இரும்புச் சத்தம் நின்றது. 

"கேக்குதா?"

"ம்."

"மூணு மணிக்கு அந்தம்மா வர்றாங்க. நான் என்ன பண்ணுவேன்? திரும்பவும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புன்னு சொல்லிட்டா? திரும்பவும் அவ பேச்சு நின்னுபோச்சுன்னா?"

"பயப்படாதே. நான் லீவு சொல்லிட்டு வர்றேன்."

'என்னது, படிக்க வரலையா?' என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது அம்மாவுக்கு அப்போது தோன்றவில்லை. பயந்த நேரத்தில் யாருக்குத்தான் அதெல்லாம் தோன்றும்?

போனை வைத்த கையோடு அது மறுபடி அதிர்ந்தது. அத்தை.

"இன்னிக்குத்தானே வர்றாங்க? தம்பி சொன்னான். நான் அரை நாள் லீவு போட்டுட்டு வரட்டுமா? பக்கத்துல இருந்தா உனக்குத் தெம்பா இருக்கும்."

"நீங்க செஞ்சதே போதும், அண்ணி."

"நான் என்னம்மா செஞ்சேன்?"

"அது உங்களுக்கே தெரியும்."

வைத்துவிட்டாள்.  

மணி பதினொன்று, பன்னிரண்டு. கை கால் ஓடவில்லை. ஒரு காலையிலும் ஒரு மத்தியானத்திலும் ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தர முடியுமா? பலகையில் பெரிதாக 'அ' போட்டாள். ரேடியோ பலகை முன்னால் வந்து நின்றாள். சாக்கட்டியைக் கையில் வாங்கினாள், பலகையில் வைக்கவில்லை.

"அம்மா, அவங்க எந்தப் புத்தகத்தைக் கேப்பாங்க?"

"தெரியலையேம்மா."

"பழைய புத்தகம்தானே கேப்பாங்க? ஆமைதானே கேப்பாங்க?"

அம்மா சாக்கட்டியை வாங்கி வைத்தாள். பலகையைத் துடைத்தாள். அப்புறம் ஒரு காரியம் செய்தாள். அதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி, இரும்பு ஸ்கேலின் விளிம்பை உள்ளே விட்டு, ஒட்டியிருந்த தாள்களைக் கிழியாமல் பிரித்தாள். விசிறியடியில் வைத்துக் காயவைத்தாள். பிறகு 'நனையாத ஆமை'யை மேஜையில் இருந்த அடுக்கின் உச்சியில், வந்தவர் கை முதலில் படும் இடத்தில் வைத்தாள்.

ரேடியோ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது அம்மாவுக்கும் புரிந்துவிட்டது.

இரண்டரைக்கு அப்பா வந்தார். கிரீஸ் படிந்த கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், "நான் டீ போடுறேன்" என்று அடுப்புப் பக்கம் போனார். நாற்பது மாடி ஆழத்தின் மேல் ஒரு இரும்புச் சட்டத்தில் நின்று வேலை செய்கிற மனுஷன், தீக்குச்சியைக் கிழிக்க மூன்று தரம் முயற்சி செய்தார்.

மூன்று மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த நகைச்சுவை. இன்று அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு படியாக அந்தச் சத்தம் ஏறி வந்தது. ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கியது. மறுபடி ஏறியது. ரேடியோ அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தால், ஐம்பது வயதுக்காரப் பெண்மணி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கக்கத்தில் கனத்த ஃபைல்.

"முதல்ல தண்ணி கொடும்மா. அப்புறம்தான் அரசாங்கம்" என்றார்.

ஆய்வாளர் ஒரு ராட்சசியாக இருந்திருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ சிரித்தார். குட்டிக்கரணத்தின் கன்னத்தைத் தட்டினார். மேஜையில் ரேடியோவுக்குப் பக்கத்தில், அம்மா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலை விரித்தார். இடது பக்கம் ஏதோ ஒரு காகிதம் குத்தப்பட்டிருந்தது. வலது பக்கம் படிவம். எதிரே, தன் இடத்தில், மேஜை மேல் தாடையை வைத்தபடி குட்டிக்கரணம். அம்மா அலமாரி ஓரமாக நின்றாள். அங்கிருந்து பார்த்தால் அந்தக் காகிதத்தில் இருந்த எழுத்து தெரியவில்லை.

"பெரியவ எதைப் படிக்கப் போறே?"

ரேடியோவின் கை நேராக அடுக்கின் உச்சிக்குப் போனது.

படித்தாள். தாளைத் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பினாள். பன்னிரண்டாம் பக்கம் அடுப்பு எரிந்தது. பதின்மூன்றாம் பக்கம் ஆமை ஓட்டைக் கழற்றி வைத்தது. குரலில் ஒரு தடங்கல் இல்லை. ஆய்வாளர் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கதை கேட்கிற பிள்ளைபோல் கேட்டார். மேஜைக்கு அடியில் ரேடியோவின் கால் விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு மடங்கியிருந்ததை, நின்ற இடத்திலிருந்து அம்மா மட்டும் பார்த்தாள்.

'சொல்லிவிடு' என்றது ஒரு மனசு. 'வாயை மூடு' என்றது இன்னொரு மனசு. இன்று ஒரு நாள் தப்பித்தால் போதும். நாளையிலிருந்து 'அ'னாவில் ஆரம்பித்துக்கொள்ளலாம். யாருக்கு என்ன நஷ்டம்? 

"ரொம்ப அழகா படிக்கிறா" என்றார் ஆய்வாளர். "நான் பார்த்த பிள்ளைங்கள்லயே..." வாக்கியத்தை முடிக்காமல் படிவத்தில் எழுத ஆரம்பித்தார். 'தடையின்றி வாசிக்கிறாள். நன்று' என்று எழுதுவது அம்மாவுக்கு அசைவிலேயே தெரிந்தது. பேனா அசைவைப் பார்த்து எழுத்தைச் சொல்லுவது அவள் தொழில்.

அந்த நேரத்தில்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது.

"ம...தி...ப்...பு...மிக்க... மதிப்புமிக்க... ஐயா..."

யாரும் கவனிக்கவில்லை. குட்டிக்கரணம் எப்போதும் எதையாவது முணுமுணுக்கிறவள்தானே.

"பெரிய... பெண்ணுக்கு... படிக்க... வராது."

ஆய்வாளரின் பேனா நின்றது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, இடது பக்கம் குத்தியிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையின் கண்கள் அந்தக் காகிதத்தின் மேல்தான் இருந்தன.

"கேட்டதை... ஒப்பிக்கிறாள்."

"தலைகீழாப் படிக்குதே இந்தப் பிள்ளை!" என்று ஆய்வாளர் வாய்விட்டுச் சொன்னார். தலைகீழாகவா? எதிர்ப்பக்கமே உட்கார்ந்து, எதிர்ப்பக்கமாகவே புத்தகத்தைப் பார்த்து, எதிர்ப்பக்கமாகவே எழுத்துக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அதுதான் நேர். காலையில்கூட 'நேராத்தான்மா இருக்கு' என்று சொன்னாளே! அம்மாவுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அந்த வாக்கியங்கள் என்ன சொல்கின்றன என்பது அதற்குள் காதில் ஏறிவிட்டது.

"க...று...ம்... கறும்பலகை முன்னால்... நின்றால்..." குட்டிக்கரணம் நிறுத்தினாள். கண் அகலமாக விரிந்தது. நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, மிட்டாய் கிடைக்கப்போகிற குதூகலத்தில் வீடே அதிரக் கத்தினாள்.

"அம்மா! பூச்சி! அப்பாவோட பூச்சி!"

அடுப்புப் பக்கம் டீக் கோப்பைகள் தட்டில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

அம்மா அசையவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில்தான் அந்த டப்பா இருந்தது. திரும்பிப் பார்க்க அவசியமில்லாமல் அவளுக்கு அது தெரிந்தது. பெரிய பெரிய எழுத்து. 'ரு' வர வேண்டிய இடத்தில் 'று'. உலகத்தில் ஆயிரம் பேர் அந்தத் தப்பைச் செய்வார்கள். இந்த வீட்டில் ஒருவர்தான் செய்வார்.

அண்ணி இல்லை. ஆறு நாளாக மனசுக்குள் கரித்துக்கொட்டியது, காலையில் முகத்தில் அடித்ததுபோல் பேசியது, எல்லாம் வீண்.

"இரு பாப்பா, போதும்" என்று ஆய்வாளர் காகிதத்தின் மேல் கையை வைத்துப் பொத்தினார். தாமதமாகிவிட்டது. குட்டிக்கரணம் கடைசி வரியை ஏற்கனவே கண்ணால் பிடித்துவிட்டிருந்தாள்.

"'அவள் அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. யாராவது வந்து பாருங்கள்.' இதுல பூச்சி இல்லம்மா."



பயம். ஆறு நாளாக இந்த வீட்டில் பயப்படுகிறவள் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்திருந்தாள். வாசலில் இருந்து வரப்போகும் செருப்புச் சத்தத்துக்குப் பயந்தாள். இவர்கள் யாருக்குப் பயந்தார்கள்? சமையலறையில் சிவப்புப் பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு நடமாடுகிற ஒருத்திக்கு.

"அப்பாவோட பூச்சின்னா என்ன?" என்று ஆய்வாளர் கேட்டார். குரலில் அரசாங்கம் திரும்பி வந்திருந்தது. "இதை எழுதினவங்க பேர் போடலை. உங்களுக்குத் தெரியுமா?"

"அது... பிள்ளைங்க விளையாட்டு, மேடம்."

"இதுல எழுதியிருக்கிறது?"

அம்மா ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அடி விழப்போகிற பிள்ளைபோல் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். இதுவரை அந்தப் பிள்ளை மேல் ஒரு அடி விழுந்ததில்லை.

"அதுல ஒரு தப்பும் இல்லைங்க, மேடம்" என்றாள் அம்மா. "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு."

பன்னிரண்டு வருடத் தொழிலில், பிழையுள்ள ஒரு தாளை அவள் சரி என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

 ஆய்வாளர் படிவத்தை அம்மா பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்போ நான் எழுதினது?"

அம்மா கொண்டையிலிருந்து சிவப்புப் பேனாவை உருவினாள். 'தடையின்றி வாசிக்கிறாள். நன்று.' நல்ல கையெழுத்து. அதன் மேல் ஒரு கோடு இழுத்து, ப்ரூஃப் தாளில் போடுவதுபோல், ஓரத்தில் நீக்கச் சொல்லும் சுழி போட்டாள். சுழி கோணிக்கொண்டது.

"அவளுக்கு வராதுங்க. எனக்கு இன்னிக்குக் காலைலதான் தெரியும். தெரிஞ்சும் அந்தப் புத்தகத்தை நான்தான் மேலே வச்சேன். அவ மேல தப்பில்ல. எழுதறதுன்னா என் மேல எழுதுங்க."

"இத்தனை வருஷத்துல என் படிவத்தை யாரும் திருத்தினதில்ல" என்றார் ஆய்வாளர். சிரிக்கிறாரா, கோபமா என்று தெரியவில்லை. "ரெண்டு வாரம் தர்றேன். வாசிப்பு வராத பிள்ளைங்களுக்குச் சொல்லித்தரத் தெரிஞ்ச டீச்சர்கிட்ட இவளைக் காட்டி, அவங்க சொல்றதை எழுத்துல வாங்கி வைங்க. அதைப் பார்த்துட்டுத்தான் வீடா, பள்ளிக்கூடமான்னு நான் சொல்ல முடியும். சின்னவளுக்குப் புத்தகத்தைத் திருப்பிப் பிடிக்கக் கத்துக்கொடுங்க. அவசரமில்ல, மெதுவா."

டீ குடிக்காமல் எழுந்துகொண்டார். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கியது. அது நின்றபிறகும் வீட்டில் யாரும் நகரவில்லை. குட்டிக்கரணம் மட்டும், "மிட்டாய்?" என்று கேட்டாள்.

அம்மா மிட்டாய் டப்பாவைத் திறந்து கொடுத்தாள். ஒன்றுக்கு இரண்டாக.

அப்பா தட்டோடு அங்கேயே நின்றார்.

"போன மாசம் நீ காய்ச்சலா படுத்திருந்தியே, அப்போ நான் இவளுக்கு வேற புத்தகம் குடுத்தேன்" என்றார். "அப்பதான் தெரிஞ்சுது. அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. சத்தியம் வாங்கிட்டா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் சத்தியம். அதனாலதான் கல்வி ஆபீசுக்கு எழுதினேன்."

மேஜை மேல் போன் அடித்தது. திரையில் அத்தையின் முகம். அடித்து அடித்து நின்றது. வாசிப்பு வராத பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தெரிந்த டீச்சர் இந்த ஊரில் அம்மாவுக்குத் தெரிந்து ஒருத்திதான்.

அம்மா அப்பாவின் கையிலிருந்து தட்டை வாங்கி மேஜையில் வைத்தாள். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"என்னைப் பார்த்தா உங்களுக்கு அவ்வளவு பயமா?"

அப்பா தரையைப் பார்த்தார்.  ரேடியோ கண்ணைத் திறந்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காத, யாரிடமும் கேட்டுத் திருப்பிச் சொல்லாத, தன் சொந்தக் குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"கொஞ்சம்மா. பேனா இருந்தா."

அம்மா கையைப் பார்த்தாள். மூடி கழற்றிய சிவப்புப் பேனா இன்னும் விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது. போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.